வயிற்றெரிவுக் குளிசை: அறிந்து எடுப்போம்

சுகாதாரப் பாடம் (குழுவாக வாசித்துக் கலந்துரையாடுவதற்கு ஏற்றது)

பாமன்கடையில் ஒரு சிறிய வாடகை வீட்டின் பின்னறையில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று வாழ்ந்து வருகிறது. குடும்பத் தலைவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஊரில் வயலும் மேட்டுக்காணியும் வைத்துப் பயிர் செய்தவர். கொழும்புக்கு வந்த பின்னர் வெள்ளவத்தைக் கடையொன்றில் மூட்டை இறக்கும் வேலை செய்தார். முழங்கால் நோவு வந்தது. கடையில் கூட வேலை செய்தவர் சொன்னதைக் கேட்டு, பாமசியில் நோவுக் குளிசை வாங்கினார். அது டைக்குளோபினாக். நோவு குறைந்தது, வேலைக்குப் போக முடிந்தது. ஆகவே தினமும் போட்டார்.

சில வாரங்களில் வயிறு எரியத் தொடங்கியது. "காஸ்ரைற்றிஸ்" என்று தாமே முடிவு செய்துகொண்டு, அதே பாமசியில் "காஸ் குளிசை" கேட்டு வாங்கினார். எரியும் நாளில் மட்டும் ஒன்று போடுவார். எரிவு அடங்கும். நோவுக் குளிசையை நிறுத்தவில்லை. இப்படியே எட்டு மாதம் கடந்தது.

ஒருநாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. முருங்கைக்கீரை சாப்பிட்டதால் என்று எண்ணிவிட்டார். மூன்றாம் நாள் கடையிலேயே மயங்கி விழுந்தார். களுபோவிலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இரைப்பையில் புண் வந்து, அதிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது. இரத்தம் ஏற்றி, வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்த்து, உயிரைக் காப்பாற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "பாதர், கோரையை மேலாலை வெட்டிவிட்ட மாதிரித்தான் நான் செய்திருக்கிறன். கிழங்கு உள்ளுக்கை இருந்திருக்கு."

வயலில் கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். இந்தப் பாடம் அந்தக் கிழங்கைப் பற்றியது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் கெட்டவை அல்ல. பல உயிர்களைக் காத்தவை. ஆனால் எது, எப்போது, எவ்வளவு காலம், எதனோடு என்று தெரியாமல் எடுத்தால், அவை நோயைக் குணமாக்காமல் மூடி மறைத்துவிடும்.

1. வயிற்றில் அமிலம் எதற்கு?

நமது இரைப்பை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.5 தொடக்கம் 2 லீற்றர் வரை சமிபாட்டுச் சாறு சுரக்கிறது. அதில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு. இந்த அமிலம் வீணாகச் சுரப்பதில்லை. உணவோடும் தண்ணீரோடும் உள்ளே வரும் கிருமிகளை அது கொல்கிறது. இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதத்தைச் சமிக்கச் செய்கிறது. உணவிலுள்ள இரும்புச் சத்தும் விற்றமின் பி12உம் உடலில் சேர உதவுகிறது.

இரைப்பையின் உட்சுவரை ஒரு சளிப்படலம் காக்கிறது. அந்தப் படலம் பழுதானால் அமிலம் சுவரைத் தாக்கும், புண் உண்டாகும். அமிலம் மேல்நோக்கி உணவுக்குழாய்க்குள் வந்தால் நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் உண்டாகும். ஆகவே எரிவு என்பது ஓர் அறிகுறி. அதன் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

2. புண் ஏன் வருகிறது?

உறைப்புச் சாப்பாடும் மனக்கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் 1980களின் தொடக்கத்தில் வேறொன்றைக் கண்டார்கள். புண் உள்ளவர்களின் இரைப்பையில் சுருள் வடிவான ஒரு பக்டீரியா இருந்தது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று பலர் அவர்களை நம்ப மறுத்தனர். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. அந்தக் கிருமிக்கு ஹெலிக்கோபக்டர் பைலோரி என்று பெயர். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் நமக்கு என்ன பயன்? கிருமியால் வந்த புண்ணுக்கு வருடக்கணக்கில் எரிவுக் குளிசை போடத் தேவையில்லை. பரிசோதித்துக் கிருமி இருப்பது தெரிந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளையும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்கள் தருவார்கள். நாட்களை எண்ணி முழுவதையும் எடுத்து முடிக்க வேண்டும். எரிவு நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாளே விட்டால் கிருமி தப்பிப் பிழைக்கும். அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒமிப்பிரசோல் போன்ற குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கிருமிப் பரிசோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். சாதாரணமாக இரண்டு வாரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் நோவுக் குளிசைகள். அஸ்பிரின், டைக்குளோபினாக், ஐபுபுரூபன், மெபனமிக் அசிற் ஆகியவை இரைப்பையின் காப்புப் படலத்தைப் பலவீனமாக்குகின்றன. இவற்றால் வரும் புண் பல வேளைகளில் நோவே காட்டாமல் இரத்தம் கசியும். பாமன்கடைக்காரருக்கு நடந்தது இதுதான். எரிவு ஓர் எச்சரிக்கையாக வந்தது. இடையிடையே போட்ட காஸ் குளிசை எச்சரிக்கையை அடக்கியது, புண்ணை ஆற்றவில்லை. ஏனெனில் புண்ணை உண்டாக்கிய குளிசை நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

3. மூன்று வகை மருந்துகள்

"காஸ் குளிசை" என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை உண்மையில் மூன்று வெவ்வேறு வகை மருந்துகள்.

(அ) அமிலத்தை முறிப்பவை. அலுமினியம் ஐதரொட்சைட்டு, மக்னீசியம் ஐதரொட்சைட்டு, மக்னீசியம் றைசிலிக்கேற்று, கல்சியம் காபனேற்று ஆகியவை இந்த வகை. மென்று விழுங்கும் குளிசையாகவும் வெள்ளைப் பாணியாகவும் கிடைக்கும். புளித்த நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதைப் போல, ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை இவை முறிக்கின்றன. சில நிமிடங்களில் சுகம் தெரியும். வெறும் வயிற்றில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பலன் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால் இரண்டு, மூன்று மணித்தியாலம் நிற்கும். அலுமினியம் மலச்சிக்கலையும் மக்னீசியம் வயிற்றோட்டத்தையும் தரக்கூடும். சிறுநீரக நோயாளர் இவற்றை வைத்தியர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. உடலில் தேங்கி நஞ்சாகும்.

(ஆ) சுரப்பைக் குறைப்பவை. பமோற்றிடின் இதற்கு உதாரணம். இந்த வகையில் முதலில் பெரும் பயன்பாட்டுக்கு வந்தது சிமெற்றிடின். அது 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கும் ஆய்வை வழிநடத்திய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். இந்த மருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்யத் தொடங்கிப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் வரை பலன் தரும். தொடர்ந்து தினமும் எடுத்தால் உடல் பழகிப்போய்ப் பலன் குறையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

(இ) சுரக்கும் பம்பியையே நிறுத்துபவை. ஒமிப்பிரசோல், பன்ரொப்பிரசோல், இசொமிப்பிரசோல், றபெப்பிரசோல் என்று "பிரசோல்" என முடியும் பெயர்கள் எல்லாம் இந்த வகை. ஒமிப்பிரசோல் 1988இல் விற்பனைக்கு வந்தது. மூன்று வகைகளிலும் வலிமை கூடியது இதுவே. இன்று நம் அரசாங்க வைத்தியசாலைகளில் அதிகமாகத் தருவதும் ஒமிப்பிரசோல்தான்.

இரண்டாம் வகையைச் சேர்ந்த ரனிற்றிடின் என்ற குளிசை ஒரு காலத்தில் எல்லா வீடுகளிலும் இருந்தது. 2019 செப்ரெம்பரில் அதில் என்.டீ.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் கலந்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. வெப்பத்திலும் நாட்பட வைத்திருந்தாலும் அந்தப் பொருள் கூடுகிறது என்று கண்டு, 2020 ஏப்ரல் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் அதனை முற்றாகச் சந்தையிலிருந்து அகற்றும்படி கேட்டது. பழைய பையிலோ பெட்டியிலோ ரனிற்றிடின் அட்டை கிடந்தால் அதை எடுக்க வேண்டாம். பமோற்றிடினில் இந்தக் குறை காணப்படவில்லை.

4. எப்படி எடுக்க வேண்டும்?

பிரசோல் வகையை எடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கிணற்று மோட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பைச் சுவரிலுள்ள அமிலப் பம்பிகள் எல்லா நேரமும் இயங்குவதில்லை. சாப்பாடு வரும்போதுதான் அவற்றுள் பெரும்பாலானவை இயங்கத் தொடங்கும். இயங்கும் பம்பியை மட்டுமே இந்த மருந்து நிறுத்தும். மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் சேர்ந்து, இரைப்பைச் சுவரை அடைய நேரம் வேண்டும். ஆகவே:

1. காலைச் சாப்பாட்டுக்கு 30 தொடக்கம் 60 நிமிடம் முன்னதாக எடுங்கள். சாப்பிட்ட பின் எடுத்தால் பலன் குறையும்.

2. எடுத்த பின் கட்டாயம் சாப்பிடுங்கள். குளிசையை விழுங்கிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடினால் மருந்து வீணாகும்.

3. கப்சூலை மெல்லவோ குளிசையைப் பொடிக்கவோ வேண்டாம். உள்ளே இருக்கும் சிறுமணிகளுக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு இருக்கிறது. பொடித்தால் மருந்து இரைப்பையிலேயே அழிந்துபோகும். விழுங்க முடியாதவர்கள் மருந்தாளரைக் கேட்டு வழியறிய வேண்டும்.

4. முதல் நாளே எரிவு முழுவதும் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாட்கள் ஆகலாம். நிற்கவில்லையே என்று இரண்டு, மூன்றாகப் போடாதீர்கள்.

5. வைத்தியர் தினமும் எடுக்கச் சொன்னால் தினமும் எடுங்கள். நோவுக் குளிசை கட்டாயம் தேவைப்படும் ஒருவருக்குக் காவலாகத் தரப்படும் ஒமிப்பிரசோல், எரியும் நாளில் மட்டும் போட்டால் காவலாக இராது.

6. வைத்தியரைக் காணாமல் நீங்களாக வாங்கி எடுத்தால் 14 நாளைத் தாண்ட வேண்டாம். அதற்குள் குணமாகாவிட்டாலோ, நிறுத்தியதும் திரும்ப வந்தாலோ வைத்தியரிடம் போங்கள்.

7. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்க வேண்டாம்.

அமிலத்தை முறிக்கும் பாணியானால் போத்தலை நன்றாகக் குலுக்கிக் குடியுங்கள். குளிசையானால் நன்றாக மென்று விழுங்குங்கள்.

அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிப்பதும், நுரைக்கும் பொடிகளை அடிக்கடி குடிப்பதும் நம்மிடையே வழக்கம். அவற்றில் சோடியம் அதிகம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட பிறசர் நோயாளருக்கும், இருதய, சிறுநீரக நோயாளருக்கும் இது ஆபத்து. வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு யாருமே அப்பச்சோடா குடிக்க வேண்டாம்.

5. மற்ற மருந்துகளோடு மோதல்

நம் குடும்பங்களில் ஒருவருக்கே மூன்று, நான்கு மருந்துகள் இருக்கும். எரிவு மருந்து இவற்றுள் சிலவற்றோடு மோதும்.

எலிக்காய்ச்சல் குளிசை: காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் ஊருக்குப் போய் வயலில் இறங்குபவர்கள் நம்மில் பலர். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் சிலர் உயிரிழந்தது நமக்குத் தெரியும். வயலில் இறங்குபவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் டொக்சிசைக்கிளின் குளிசை தரப்படுகிறது. அமிலத்தை முறிக்கும் பாணியையும் இதையும் சேர்த்து எடுத்தால் இரண்டும் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். டொக்சிசைக்கிளின் இரத்தத்தில் சேராது. குளிசை எடுத்தோம் என்ற தைரியத்தில் சேற்றில் நிற்பீர்கள். உடலில் காவல் இராது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு, மூன்று மணித்தியாலம் விடுங்கள். டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டுக்குப் பின், நிறையத் தண்ணீரோடு, நிமிர்ந்திருந்து விழுங்க வேண்டும். எடுத்த கையோடு படுக்க வேண்டாம். தொண்டைக்குழாயில் ஒட்டினால் அதுவே புண்ணை உண்டாக்கி நெஞ்செரிவு தரும். அந்த எரிவுக்கு இன்னொரு காஸ் குளிசை போடுவது பேதைமை.

இரும்புச்சத்துக் குளிசை: கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தருவது. இரும்பு உடலில் சேர அமிலம் வேண்டும். அமிலத்தை முறிக்கும் மருந்தையும் தேத்தண்ணியையும் இதனோடு சேர்க்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் நெஞ்செரிவு சாதாரணம். தாமாக எதையும் வாங்காமல் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

தைரொயிட் குளிசையும் காசநோய் மருந்தும்: தைரொயிட் குளிசைக்கும் அமிலமுறிப்பு மருந்துக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விடுங்கள். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட்டின் உறிஞ்சலை அலுமினியம் கலந்த பாணி குறைக்கும்.

இருதய நோய்க் குளிசை: இரத்தம் உறையாமல் குளொப்பிடொக்ரல் எடுப்பவர்களுக்கு ஒமிப்பிரசோல் அதன் வேலையைக் குறைக்கும் என்று 2009இல் எச்சரிக்கப்பட்டது. இருதயக் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். பொருத்தமான வேறொன்றைத் தருவார்கள்.

நீரிழிவு: மெற்போமின் நெடுநாள் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம். பிரசோல் வகையும் அதையே செய்யும். இரண்டையும் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் கால் விறைப்போ கடும் களைப்போ வந்தால் வைத்தியரிடம் இதைக் குறிப்பிட வேண்டும்.

6. ஆண்டுக்கணக்கில் எடுத்தால்?

நீண்ட காலம் பிரசோல் வகை எடுப்பவர்களிடம் பி12 குறைதல், இரத்தத்தில் மக்னீசியம் குறைதல், எலும்பு முறிவு, குடற்றொற்று ஆகியன சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன. அபூர்வமாகச் சிறுநீரக அழற்சியும் வரலாம். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகிறது. அப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள் நோவுக் குளிசை விடயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். டைக்குளோபினாக்கும் ஐபுபுரூபனும் சிறுநீரகத்தை நேராகவே தாக்கக்கூடியவை.

ஆனால் இதை வாசித்துவிட்டுப் பயந்து இன்றே குளிசையை எறிய வேண்டாம். இரத்தம் கசிந்த புண் உள்ளவர்களும், அஸ்பிரின் தொடர்ந்து எடுக்க வேண்டிய முதியவர்களும், உணவுக்குழாய் கடுமையாகப் பழுதானவர்களும் நெடுநாள் எடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு எடுப்பதால் வரும் நன்மையே பெரிது.

மற்றவர்கள் வைத்தியரோடு பேசிப் படிப்படியாக நிறுத்தலாம். திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த அமிலம் சில வாரங்களுக்கு அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் நோயில்லாத 120 பேரைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. எட்டு வாரம் இசொமிப்பிரசோல் எடுத்து நிறுத்தியவர்களில் 44 வீதமானோருக்குப் பின்னர் எரிவு முதலிய தொல்லைகள் வந்தன. வெறுங் குளிசை எடுத்தவர்களில் அது 15 வீதம் மட்டுமே. இவர்கள் எவருக்கும் முன்பு நோய் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறுத்தியதும் எரிந்தால் "எனக்கு நோய் மாறவில்லை" என்று எண்ணி மீண்டும் தொடங்குவதால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் இதில் சிக்குகிறார்கள்.

7. "காஸ்தான்" என்று ஏமாற வேண்டாம்

கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் குளிசை தேடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்:

– தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையும் துர்நாற்றமும் உள்ள மலம்
– இரத்த வாந்தி, அல்லது கோப்பித்தூள் போன்ற வாந்தி
– விழுங்கும்போது சாப்பாடு தடைப்படுதல்
– காரணமின்றி உடல் மெலிதல், வெளிறுதல், தொடர்ச்சியான வாந்தி
– திடீரென வயிறு பலகை போல இறுகிக் கடுமையாக நோதல்
– ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கி விடாமல் இருக்கும் எரிவு

எல்லாவற்றிலும் மேலாக ஒன்று: நெஞ்சை அழுத்துவது போன்ற நோவு, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை, மூச்சு முட்டல். இது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வெறும் "காஸ்" போலவே தோன்றக்கூடும். இஞ்சித் தேத்தண்ணியும் சோடாவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உயிர் போன வீடுகள் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வாடகை வாகனக் காசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

8. பெயரை வாசிக்கப் பழகுவோம்

குளிசை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பனி வைத்த பெயர்; மற்றது மருந்தின் உண்மையான பெயர், அதாவது பொதுப்பெயர். நம் நாட்டில் மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்கி மக்களுக்கு மலிவாகக் கொடுக்க வழிகண்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைய முன்னின்றவரும் அவரே. 1977இல் தென்னமெரிக்காவின் கயானாவில் காலமானார். அவர் கருத்தை நாம் வீட்டில் நடைமுறைப்படுத்தலாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது மிக அவசியம். வவுனியா வைத்தியசாலை தந்தது ஒரு கடதாசி உறையில். கொழும்பு டிஸ்பென்சரி தந்தது இன்னொன்றில். ஊரிலிருந்து மாமி அனுப்பியது அட்டையில். நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருப்பது ஒரே ஒமிப்பிரசோல். இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே:

– ஒரு கொப்பியில் எடுக்கும் எல்லா மருந்தின் பொதுப்பெயர், அளவு, தொடங்கிய திகதி, நிறுத்த வேண்டிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். கிளினிக் கொப்பியோடு சேர்த்து, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். எங்கு மாறிப் போனாலும் அது கூட வரட்டும்.
– உறையில் எழுதியது விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். தமிழில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.
– தகரக் கூரை அறையில் யன்னலோரம் வைத்தால் மருந்து பழுதாகும். அட்டையிலேயே விட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.
– 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசையைப் பங்கிட்டுக்கொண்டோம். அன்பினால் செய்தோம். ஆனால் ஒருவரின் மருந்து இன்னொருவருக்கு நஞ்சாகலாம்.

9. குளிசையில்லாமல் செய்யக்கூடியவை

ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் வீட்டில் எல்லா ஆலோசனையும் நடவாது. இயன்றதைச் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு, மூன்று மணித்தியாலம் விடுங்கள். நெஞ்செரிவு உள்ளவர் பாயின் தலைப்பக்கம் மடித்த சாக்கு வைத்து, தோளும் தலையும் உயர்ந்திருக்கும்படி இடப்பக்கமாகப் படுக்கலாம். ஒரே தடவையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். சுருட்டு, பீடி, சாராயம் மூன்றும் எரிவைக் கூட்டும். குறைத்தாலே மாற்றம் தெரியும். உறைப்பு எல்லோருக்கும் எதிரியல்ல. எந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துவரவில்லையோ அதை மட்டும் விடுங்கள். மூட்டு நோவுக்கு முதலில் பரசிற்றமோல் அளவோடு எடுத்து, வைத்தியரைக் கேளுங்கள்.

பாமன்கடை ஐயா இப்போது மூட்டை சுமப்பதில்லை. அதே கடையில் கணக்குக் கொப்பி எழுதுகிறார். நோவுக் குளிசையை நிறுத்திவிட்டார். காலையில் ஒமிப்பிரசோல் எடுத்து, அரை மணித்தியாலம் கழித்துப் பாணும் பருப்பும் சாப்பிட்டுத்தான் வீட்டைவிட்டுப் போகிறார். நிறுத்த வேண்டிய திகதியை மகள் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறாள். அடுத்த காலபோகத்துக்கு ஊருக்குப் போய்க் காணியை ஒரு தரம் பார்த்து வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. போகும்போது கொப்பியையும் கொண்டுபோவார்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் "காஸ் குளிசை" மூன்று வகைகளில் எது? அட்டையைக் கொண்டுவந்து பொதுப்பெயரை வாசித்துக் காட்டுங்கள்.
2. அதை யார் தரச் சொன்னார்? எத்தனை நாளைக்கு? இன்று எத்தனையாம் நாள்?
3. அதே ஆள் நோவுக் குளிசையும் எடுக்கிறாரா? எதற்காக?
4. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு அழுத்துகிறது, வியர்க்கிறது. உங்கள் வீட்டில் யார் 1990ஐ அழைப்பார்? வீட்டுக்கு வரும் வழியைச் சிங்களத்திலும் சொல்லத் தெரியுமா? ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.
5. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் மருந்துக் கொப்பி ஒன்றைத் தொடங்குவோம். எழுத முடியாத முதியவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பை நம் பிள்ளைகளுள் யார் எடுப்பார்?